கன்னியம்மா கேட்ட ஒரு வார்த்தை

சென்ற செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் மூக்குப்பொடி வாங்க நின்றிருந்தேன். மாதனூரிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "கன்னியம்மா பூட்டாங்க, ரைட்டரய்யா. முந்தாநேத்து அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே நம் ஆற்றோரத் தெருப் பெரியவர்கள் கூடிவிட்டீர்கள். இரங்கல் கூட்டம் போடவேண்டுமாம். 'தெருவைக் காத்த தாய்' என்று தாள் அச்சடிக்கவேண்டுமாம். என்னை நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி வராது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் நானே என்பதால் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியம்மா நம் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். சேரியிலிருந்து வந்தவர். அதே ஷாப்பில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வயதில் என்னைவிட மூத்தவரை 'ஏ, கன்னியம்மா' என்றுதான் கூப்பிட்டேன். நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

பாலாறு வருஷத்தில் பதினோரு மாதம் வெறும் மணலாகக் கிடக்கிறது. அதில் நாம் நடக்கிறோம், தோல் உலர்த்துகிறோம், ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறோம். ஆறு என்ற நினைப்பே நமக்குப் போய்விட்டது. கன்னியம்மாவுக்குப் போகவில்லை. "ஆறு சாவல, கண்ண மூடிக்கினு கீது, அவ்ளோதான்" என்பார். ஐப்பசி பிறக்கும் முன்பே வேலை முடிந்து கூலிப்பெண்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் இவர் தெருவுக்கு வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்பார். உத்திரத்தில் கயிறு கட்டியிருக்கிறதா? சுரைக்குடுக்கையில் தீப்பெட்டியும் உப்பும் போட்டு மெழுகு வைத்து அடைத்தாயா? அவல் பானை எட்டும் உயரத்தில் தொங்குகிறதா? படுத்த படுக்கையாக இருக்கிற மாமியாரைத் தூக்குவது யார்? ஷாப்பின் பட்டைப் பரணுக்கு எந்தச் சந்து வழியாக ஓடுவது?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்தோம். கடைசியாக ஒன்று கேட்பார், அங்கேதான் எல்லாருக்கும் முகம் கறுக்கும். வீட்டு ஆம்பிளையை வாசலுக்கு அழைத்து, பெண்டாட்டி காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார்: 'ஆறு வந்தால் எனக்காக நிற்காதே, நீ போ.' அவ்வளவுதான். "கயிறு கீது, அவல் கீது, எல்லாம் சரி. வார்த்த இன்னும் வரலியே" என்று நகராமல் நிற்பார்.

ஏன் அப்படி என்று ஒருமுறை பட்டைக் கிடங்கில் சொன்னார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது அவருடைய அண்ணன் திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். தான் திரும்பும்வரை படி தாண்டக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஆறு வந்தது. கன்னியம்மா கரைமேல் நின்று கத்தினார். அண்ணி மார்பளவு தண்ணீரில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "'அவரு வரட்டும்'னுச்சு. அதான் அது பேசுன கடைசிப் பேச்சு" என்று சொல்லிவிட்டுப் பட்டையை இடிக்கப் போய்விட்டார்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சேரிப் பெண் ஒருத்தி என் வாசலில் நின்று என் பெண்டாட்டிக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துவதா? அதுதான் என் வீராப்பு. மூடி மறைப்பானேன்! "எம் பெண்டாட்டிய இட்டுக்கினு போவ எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் அவ இந்தப் படியத் தாண்ட மாட்டா" என்றேன். ராஜம்மாள் ஆறு மாதக் குழந்தையோடு கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலை, தோல் கட்டுகளைக் கூட்ஸ் வண்டியில் ஏற்ற மணலில் நடந்து அக்கரையில் ரயிலடிக்குப் போனேன். நம் ஊரில் தூறல்கூட இல்லை. மழை மேற்கே மைசூர்ச் சீமையில் பெய்திருக்கிறது. வேலை முடிந்து கரைக்கு வந்தால் மணலைக் காணோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை செம்மண் தண்ணீர், அதில் கூரைகள் மிதந்து போகின்றன. இரண்டு நாள் அங்கேயே நின்றேன். 'நான் வரும்வரை படி தாண்ட மாட்டாள்' என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். என் வீட்டின் மேற்குச் சுவர் இல்லை. கூரை, தூளி கட்டியிருந்த இடத்தின்மேல் விழுந்து கிடந்தது. ஷாப்புக்கு ஓடினேன். பட்டைப் பரணில் இருபது முப்பது பேருக்கு நடுவே ராஜம்மாள் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கன்னியம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? காலில் விழுவான். நான், "யாரக் கேட்டுக்கினு வந்தே?" என்றேன்.

'எனக்காக நிற்காதே, நீ போ' என்று நான் சொல்லியனுப்பியதாகக் கன்னியம்மா வந்து சொன்னதால் வந்தேன் என்றாள் ராஜம்மாள். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவர் குழந்தையைக்கூட அசைக்கவில்லை. "ஆமாங்க ரைட்டரய்யா, பொய்தான் சொன்னேன். நெசத்தப் பேசிக்கினு நின்னிருந்தா ரெண்டு பொணம் வுழுந்திருக்கும்" என்றார்.

வெள்ளம் வடிந்ததும் நான் செய்த முதல் காரியம், மானேஜரிடம் போய் நின்றதுதான். என் வீட்டுக்குள் நுழைந்தாள், என் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னாள் என்று புகார் சொன்னேன். மேஸ்திரி வேலை போயிற்று. தான் மேய்த்த பெண்களோடு பெண்ணாக, வேறொருத்தியின் அதட்டலுக்குக் கீழே பட்டை இடித்தார். ரைட்டர் செய்தது சரிதான் என்று தெருவே தலையாட்டியது. அன்று ஆட்டிய அதே தலைகள்தான் இன்று 'தாய்' என்கின்றன. தூ!

அடுத்த ஐப்பசிக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என் வாசலிலும் நின்றார். "ரைட்டரய்யா, இந்த வருசமாவது சொல்றீங்களா?" என்றார். கதவைச் சாத்தினேன். மகள் வீட்டோடு மாதனூருக்குப் போகும்வரை ஒன்பது வருஷம் வந்தார். ஒன்பது முறையும் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து ராஜம்மாளிடம் செய்தியைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், முறத்தை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, "அன்னிக்கி கன்னியம்மா சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன். "நடுவுல ஆறு போவுது. நீங்க அக்கரையில இருக்கீங்க. எப்படிச் சொல்லி அனுப்புவீங்க? இது கூடவா தெரியாது எனக்கு?" என்றாள்.

அப்படியென்றால் அவர் சொன்னதும் ஏன் கிளம்பினாய் என்று கேட்டேன்.

"கன்னியம்மா வந்து சொல்லலன்னா, நீங்க வந்து கேட்டப்ப நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்? நீங்க மொதல்ல அதத்தான் கேப்பீங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

தண்ணீர் வாசலுக்கு வந்த நேரத்தில் அந்த இரண்டு பெண்களும் ஆற்றுக்குப் பயப்பட்டதைவிட எனக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பொய்யைக் கொடுத்து, அதற்கு விலையாகத் தன் மேஸ்திரி வேலையையும் கொடுத்தார் கன்னியம்மா.

ஆகவே கூட்டம் வேண்டாம், தாளும் வேண்டாம். ஐப்பசி பிறக்கப்போகிறது. அவரவர் வீட்டுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். சொல்ல வாய் கூசினால், 'தாய்' என்று அச்சடிக்கவும் கூசட்டும்.

நான் செவ்வாய்க்கிழமை அன்றைக்கே சொல்லிவிட்டேன். நரைத்த தலையோடு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, "ஆறு வந்தா எனக்காக நிக்காத, நீ போ" என்றேன். ராஜம்மாள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றாள். கன்னியம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம். நான் சொல்லியிருக்கவேண்டிய அன்று, அதை எனக்காகச் சொன்னவர் அவர்.