சொந்த ஊர் என்ற கட்டம்

போரால் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி மூடிக் கிடந்த காலம். சுகமில்லாத அப்பாவைப் பார்க்கப் போன என் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, வாடகை அறையில் தனியாக இருந்தேன். பதினொரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விமானத்தில் போவதென்று முடிவெடுத்து டவுனில் இருந்த டிக்கெட் ஏஜென்சிக்குப் போனேன்.

அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் பெரியவர், நல்ல மனிதர். டிக்கெட்டுக்கு முதல் ஒரு படிவத்தை நீட்டினார். புதுச் சட்டமாம். அடையாள அட்டை இலக்கம், இருக்கும் விலாசம், சொந்த ஊர், போகும் காரணம், அங்கே யார் வீட்டில் தங்குவது, அவருடைய அடையாள அட்டை இலக்கம். எல்லாம் முன்கூட்டியே கொழும்புக்குப் போய், அனுமதி வந்தால்தான் ஆசனமாம்.

சொந்த ஊர் என்ற இடத்தில், கண்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஊரான தெல்தோட்டை என்று எழுதினேன். அவர் பேனையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துப் பெண் யாழ்ப்பாணம் போகிறாள் என்றால் ஆயிரம் கேள்வி வரும், புருஷனின் ஊரையே எழுதிவிட்டால் பேசாமல் விட்டுவிடுவார்கள் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

"நான் பிறந்தது தெல்தோட்டையில. அதைத்தான் எழுதுவேன்" என்றேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. படிவம் திரும்பி வந்தது. பிறந்த இடத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம். லீவு போட்டு, பஸ் ஏறி, தோட்டத்து ஆபீசில் அரை நாள் நின்று, தோட்ட மேனேஜர் துரையின் கையெழுத்தோடு கடிதம் வாங்கி வந்தேன். மறுபடியும் திரும்பி வந்தது. கலியாணப் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு, என்னைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்கே இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் போனதும் அதிபர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பயணம் இப்போது அவசியமா என்று கேட்டார். அவசியம் என்றேன்.

மூன்றாம் தடவை அனுமதி வந்தது.

விமான நிலையத்தில் இருந்த அதிகாரி படிவத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தெல்தோட்டைக்காரிக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்.

"என் புருஷன் அங்க இருக்கிறார். தெல்தோட்டையில பிறந்தவங்க போகக் கூடாதுன்னு இதில எங்க எழுதியிருக்கு? காட்டுங்க" என்று அவர் மொழியிலேயே கேட்டேன்.

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் படிவத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

விமானம் இறங்கிய இடத்திலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாண டவுனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே என் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியாக மெலிந்திருந்தார். இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. அது அடங்கியதும் முதல் பேச்சே சண்டைதான். படிவம் திரும்பித் திரும்பி வந்த கதையைக் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

"என்ர ஊரை எழுதியிருந்தா ரெண்டு மாசத்துக்கு முந்தியே வந்திருப்பாய்."

"வந்திருப்பேன். உங்களுக்குப் பொண்டாட்டியா மட்டும் வந்திருப்பேன். எனக்குன்னு ஒரு ஊர் இருக்கு."

அவர் பையை வாங்கி கேரியரில் கட்டிவிட்டு, ஏறு என்றார். நடக்கிறேன் என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரும் நடந்தார்.