முதலில் தண்ணீர், பிறகு செய்தி

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், கண்டியிலிருந்து குண்டசாலைக்கு வந்த பஸ்ஸில், சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, அடியேனுக்கு உட்கார இடம் கிடைத்தது. அதுவும் ஜன்னலோரம்.

இந்தச் செய்தியை அமா ஆன்ட்டியிடம் சொல்வதற்காக வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கேட் திறந்து கிடந்தது. ஆன்ட்டியின் கணவர் செல்வராஜ் மாமா முற்றத்தில் செருப்பில்லாமல் நின்றார். விடியற்காலை நெஞ்சு அடைக்கிறது என்ற மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர், தனியாகத் திரும்பியிருந்தார். "ஆன்ட்டி போயிட்டாங்கடா" என்றார். அந்த வீட்டில் தண்ணீர் தராமல் எனக்குச் சொல்லப்பட்ட முதல் செய்தி அதுதான்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் எவருக்காவது அந்தத் தண்ணீர்க் கதை தெரியாமல் இருக்கலாம். ஆன்ட்டி கானா நாட்டுக்காரர். அங்கே கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் மாமாவைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தவர். சனிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் ஊரில் அமா என்று பெயராம். அம்மாவில் ஒரு 'ம்' குறைகிறதே என்று நான் யோசித்ததுண்டு. அது எங்கேயும் போகவில்லை. நாங்கள் பேசும்போதெல்லாம் அவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

மாமா அவருக்கு மரியாதைத் தமிழை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். ஆகவே பூனைக்கும் "வாங்க", காகத்துக்கும் "போங்க". எனக்கு "செய்தி ஐயா".

அவர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் உட்காரக் கதிரை, அடுத்தது ஒரு கிளாஸ் தண்ணீர். குடித்து முடித்ததும் ஆன்ட்டி எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, "இங்க அமைதி. நீங்க என்ன செய்தியோட வந்தீங்க?" என்று கேட்பார். அதற்கு முன் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அவர்கள் ஊர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் இருக்கும் ஆப்பிரிக்கர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். கழகங்களுக்குக் கால்பந்து ஆடும் கானாக்காரர்கள், படிக்க வந்த நைஜீரியப் பிள்ளைகள், முடி பின்னும் தொழில் செய்கிற ஓர் அக்கா. மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் உரலில் இடிபடும் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு முத்தையா ஐயா அதைப்பற்றி இரண்டு தடவை சண்டைக்கு வந்திருக்கிறார். அவருக்கும் முதலில் தண்ணீர்தான்.

ஆறடி உயர ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் கிளாஸைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஒருவருக்கு வீட்டுக்காரர் அறை தர மறுத்துவிட்டார். ஒருவருக்கு முழங்கால் போய், கழகம் கைவிட்டுவிட்டது. ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. சொல்லி முடியும்போது பாதிப் பாரம் இறங்கியிருக்கும். மீதிக்கு ஆன்ட்டி வழி தேடுவார். என் முறை வந்தால், எங்கள் சேவலுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அறிவிப்பேன். அதற்கும் அதே 'ம்'.

போன வருடம் ஒரு ஞாயிறு, தண்ணீர் குடித்துவிட்டு, விசா பார்க்கிறவர்கள் சந்தியில் ஜீப்போடு நிற்கிறார்கள் என்று சொன்னேன். சும்மா பகிடிக்கு. புதிதாக வந்த ஒரு மாணவி பின்மதிலில் ஏறிக் குதித்துக் காலைப் பிசகிக்கொண்டாள். அவளுடைய விசா சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் குதித்தாள். ஆன்ட்டி ஏசவில்லை. அவளைத் தூக்கிவந்து உட்காரவைத்து, எனக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார். "இங்க அமைதி. நீங்க என்ன செய்தியோட வந்தீங்க?" எல்லார் முன்னாலும் நான் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டியதாயிற்று. அவ்வளவு கனமான கிளாஸை நான் தூக்கியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குப் பிறகொரு நாள் ஆன்ட்டியே காரணம் சொன்னார். கானாவில் அவருடைய தாயார் இறந்த செய்தி போனில் வந்தபோது, தென்னக்கும்புரையில் நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "நின்னுக்கிட்டே கேட்டேன். கதிரை இல்ல, தண்ணி இல்ல."

அதனால்தான் ஆன்ட்டி போன அன்று மாமா யாருக்கும் போனில் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கால்பந்துக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு என்னை அனுப்பினார். நேரில் போ, தண்ணீர் குடி, சொல்லு என்றார். புளுகன் என்று பேரெடுத்த என்னை நம்பி அந்தச் செய்தி ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் குடித்தேன், எழுந்து நின்றேன், ஒரு சொல் தடுமாறாமல் சொன்னேன் என்று இந்த மாதம் முழுக்க ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இந்த மலரில் எழுதச் சொல்லி என்னைக் கேட்டதும் அதனால்தான்.

சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள். ஆன்ட்டி தனியாகப் போகவில்லைதான். கொழும்பிலிருந்துகூட, அவர்கள் ஊர் துக்க நிறமான கறுப்பும் சிவப்பும் உடுத்து வந்தார்கள். கால்பந்துக்காரர்களில் கோல்காப்பாளரான குவாமே அண்ணன் கேட்டடியில் தண்ணீர்த் தட்டோடு நின்றார். சாவு வீட்டில் நம்மவர் தண்ணீர் தொடமாட்டார்களே. எல்லாரும் தயங்கி நின்றபோது, முத்தையா ஐயா ஒரு கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "அமைதியா போகட்டும்" என்றார். நான் உரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி, உண்மை. அன்று கட்டுகஸ்தோட்டை வீட்டில் கதிரை போட்டார்கள், தண்ணீர் தந்தார்கள். இந்தத் தடவை என்ன புளுகோ என்று அங்கிருந்த ஐந்து பேரும் சிரித்தபடி எதிரே உட்கார்ந்தார்கள். ஒரு கிளாஸ் குடித்தேன். இன்னொன்று கேட்டேன். மூன்றாவதும் முடிந்தது. அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது. "இன்றைக்கு எனக்குப் பஸ்ஸில் சீட் கிடைத்தது" என்று சொன்னேன். கைதட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் குவாமே அண்ணன் பிடித்துக்கொண்டார். "தம்பி, சீட் கிடைச்சதுக்கு யாரும் மூணு கிளாஸ் குடிக்க மாட்டாங்க. ஆன்ட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பிப் போய், எல்லாரையும் மறுபடி உட்காரவைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றினாராம்.

ஆன்ட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். இதை எழுத உட்காருமுன் ஒரு கிளாஸ் குடித்தேன். அண்ணன்மாரே, அக்காமாரே, நான் கொண்டுவந்த செய்தி இது: அமா ஆன்ட்டி நம்மை விட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் பிந்திவிட்டது. பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது.