அரை டீச்சர்

அவள் அந்த ஆய்வகத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது அறிவியல் ஆசிரியர் ஒரு மாணவியின் முழங்காலுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அடுப்புக்கு வாயு போகிற ரப்பர் குழாய். அதன் நுனியில் பித்தளைப் பூண். அடித்து முடித்ததும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அவள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இறுதியாண்டு. அந்த ஆண்டில் ஒன்று, பேராசிரியரிடம் ஆய்வு செய்ய வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒருநாள் ஏதாவது பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். பேராசிரியரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வதைவிடப் பள்ளிக்கூடம் மேல் என்று நினைத்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அண்ணன் லாரி மெக்கானிக். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும் ஆள். அடிதடி அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அடித்துவிட்டுச் சிரிக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தாள்.

வகுப்பு அவளைச் சும்மா விடவில்லை. ஸ்டூலின் திருகாணியைக் கழற்றி வைத்து அவளை விழ வைத்தார்கள். மை தோய்த்த காகித உருண்டை கரும்பலகையில் வந்து அப்பியது. அன்று அடிவாங்கிய மாணவி உயரமானவள், எல்லோருக்கும் நெட்டை. கடைசி பெஞ்சிலிருந்து அவள்தான் விளக்கம் சொன்னாள்.

"சார் அடிச்சாத்தான்க்கா நாங்க கேப்போம். நீங்க அரை டீச்சர்தானே."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆசிரியர் குழாயை அவளிடம் நீட்டினார். "ரெண்டு போடு போடு. தானா வழிக்கு வருவாங்க." அவள் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, சுண்ணக்கட்டியின்மேல் அமிலத்தைச் சொட்டினாள். நுரை பொங்கியது. முன் பெஞ்சுகள் எட்டிப் பார்த்தன. "இந்த நுரைக்குள்ள என்னக்கா காத்து?" என்று கேட்டதும் நெட்டைதான். அதன்பிறகு அரை டீச்சரின் வகுப்பில் கொஞ்சம் கூச்சல், கொஞ்சம் பாடம் என்று வண்டி ஓடியது.

ஒரு வாரம் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதினார். நெட்டை அதைச் சொல்லிவிட்டாள், சிரித்துக்கொண்டே. குழாய் இந்தமுறை முகத்தில் விழுந்தது. பூண் புருவத்தைக் கிழித்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அரை டீச்சர் தன் துப்பட்டாவை வைத்து அழுத்திப் பிடித்து அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். தையல் போடும்போது நெட்டை ஒன்றுதான் சொன்னாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாருக்கா."

"உன்னையா?"

"சாரை."

நெட்டையின் அப்பா பழைய இரும்புக் கடையில் இரும்பு வெட்டுகிறவர். சில நாள் மறைத்த கட்டு அவர் கண்ணில் படாமல் போகவில்லை. அடுத்த வாரம் அரை டீச்சர் செய்முறை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் காவலாளி அலறுவது கேட்டது. அடுத்த நொடி கதவு உதைபட்டுத் திறந்தது. கையில் இரும்புக் கம்பியோடு நெட்டையின் அப்பா நின்றார். பின்னால் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்திருந்தார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் துள்ளி எழுந்தார். பக்கத்துச் சாமான் அறைக்குள் புகுந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

"எங்கடி அவன்?"

"பின்கதவு வழியா ஓடுங்க, எல்லாரும்" என்று அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். பெஞ்சுகள் கவிழ்ந்தன. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். கம்பி சுழன்றது. மேசையில் நிறுத்தியிருந்த கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் சிதறின. அவள் ஸ்டூலைத் தூக்கி முன்னால் பிடித்தாள். முதல் அடியில் ஸ்டூல் உடைந்தது. இரண்டாம் அடி அவள் வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

அவர் அவளைத் தாண்டிப் போய்ச் சாமான் அறைக் கதவை வெளுத்தார். பலகை பிளந்தது, தாழ் விடவில்லை. ஆத்திரத்தில் பக்கத்து அலமாரியை ஓங்கி அடித்தார். மேல்தட்டில் இருந்த அமிலப் பாட்டில் உடைந்து அவருடைய முன்கையில் வழிந்தது. கம்பி கீழே விழுந்தது. அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை.

அவள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்தாள். தன்னை அடிக்க வருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அவள் வாயில் குத்தினார். ஒரு பல் உடைந்து தொட்டிக்குள் விழுந்தது. அவள் சட்டையை விடாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அவர் மறுபடி கை ஓங்கியபோது யாரோ அவர் முதுகில் பாய்ந்தார்கள். நெட்டை ஓடவில்லை.

"அப்பா, கையத் தண்ணில வை. வைப்பா."

இருவருமாக அந்தக் கையைத் தண்ணீருக்கடியில் அமுக்கிப் பிடித்தார்கள். அவர் திமிறினார், உதைத்தார், பிறகு அழுதார். தோல் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

"போதுமாக்கா?"

"போதாது. விடாத."

போலீஸ் வந்த பிறகுதான் ஆசிரியர் வெளியே வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளின் காதோரம் குனிந்தார்.

"அந்த டியூப் விஷயத்தை இழுக்காதம்மா. பல்கலைக்கழகத்துக்குப் போற உன் மார்க்கு என் கையிலதான் இருக்கு."

அவள் வாயில் நிறைந்திருந்த ரத்தத்தை ஸ்ட்ரெச்சரின் ஓரமாகத் துப்பினாள்.

மருத்துவமனையில் அண்ணன் அவளைப் பார்த்தான். அடித்தவரைத் தேடிக் கிளம்பினான். "அண்ணா, போகாத. அவரும் இதே ஆஸ்பத்திரிலதான் கிடக்கறாரு." சொல்லியிருக்கக்கூடாது. அவன் நேராக ஆண்கள் வார்டுக்குப் போய் நெட்டையின் அப்பா படுத்திருந்த கட்டிலைக் கவிழ்க்கப் பார்த்தான். நெட்டை குறுக்கே விழுந்து அவன் கையைக் கடித்துவிட்டாள். வார்டு பாய்கள் கொடுத்த அடியில் உதடு வீங்கித் திரும்பி வந்தான். அம்மா சலவை உடுப்போடு ஓடி வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நீயாவது படிச்சவ, உனக்கென்னடி கேடு" என்று மகளைத்தான் திட்டினாள்.

விசாரணையில் அவள் இரண்டையும் சொன்னாள். குழாயைச் சொன்னாள், கம்பியையும் சொன்னாள். ஆசிரியருக்கு வேலை போனது. நெட்டையின் அப்பாவுக்குச் சிறை. விசாரணை முடிந்து அவள் வெளியே வந்தபோது நெட்டை அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். உடைந்த எலும்பைவிட அது அதிகம் வலித்தது.

பல்கலைக்கழகம் வேறு பள்ளி தருவதாகச் சொன்னது. அவள் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு அதே பள்ளிக்குப் போனாள். பல வாரம் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. ஒருநாள் பாடத்தின் நடுவே நெட்டை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. ஆனா உங்ககூடப் பேச எனக்கு மனசு வரல."

"பேச வேண்டாம். வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். ஆண்டு முடியும்வரை பேசவும் இல்லை, ஒரு வகுப்பை விடவும் இல்லை.

அரை டீச்சர் இப்போது வேறொரு ஊரில் முழு டீச்சர். தோள் எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. கையை மேலே தூக்க முடியாததால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுவாள். கடைசி பெஞ்சுக்காரர்கள் தெரியவில்லை என்று முனகுவார்கள். அவர்களை எழுப்பி முன்னால் தரையில் உட்கார வைத்துவிட்டு எழுதுவதைத் தொடர்வாள்.