தவளைக் கருவுக்கு நான் மாற்றிய தண்ணீர்

லேபுக்குப் புதிதாக அட்டெண்டராக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவன்.

1. பதினொன்று

வேலை செம்பூரில், வீடு தாராவியில். மழைக்காலத்தில்தான் தவளை முட்டையிடும் என்பதால், லேபில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவுக்கு ஒரு வருஷ வேலையே அந்த இரண்டு மாதம்தான். முட்டையின் நியூக்ளியஸை எடுத்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லில் இருப்பதைக் கண்ணாடி ஊசியால் உள்ளே வைப்பார். பெரும்பாலும் அழுகிப்போகும்.

“குடலா ஆயிட்ட செல்லுலயும் முழுத் தவளைக்கான விவரம் அத்தனையும் இருக்கா, இல்ல தொலைஞ்சு போச்சா? அதைத்தான் பாக்கறோம் முத்து” என்று ஒருநாள் சொன்னார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

கூட வேலை செய்த ஞானராஜ் அண்ணன் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். “ஏலே, பிள்ளப்பேறு பாத்தா மருத்துவச்சிக்குச் சேலையாவது குடுப்பாவ. இந்தத் தவள நமக்கு என்னத்தக் குடுக்கு?” என்பார்.

அந்த வருஷம் பதினொரு கரு பிழைத்தன. வால் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது என் மகள் வயிற்றுப்போக்கில் இறந்தாள். ஏழு மாதக் குழந்தை. எங்கள் சந்தில் மூன்று நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. டிரம்மில் கிடந்த தண்ணீரைக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி நர்ஸ், “கித்னே தின் கா பானி?” என்று கேட்டாள். எத்தனை நாள் தண்ணீர் என்று. என் மனைவி என்னைப் பார்த்தாள். மொண்டு கொடுத்தவன் நான்.

2. தொட்டி

ஆறாம் நாள் வேலைக்குப் போனேன். டாக்டரம்மா இன்னும் வரவில்லை. காலையில் கரு வளரும் கண்ணாடித் தட்டுகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு நாள் தொட்டியில் திறந்துவைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவோம். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்று அதில் ஒரு கொசு மிதந்தது. மொள்ளக் கை போகவில்லை. தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினேன். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்துப் பதினொன்றுக்கும் மாற்றினேன். ஒரு நல்ல காரியம் செய்ததுபோல் இருந்தது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, கருவுக்கு அது விஷம். திறந்து வைத்தால்தான் போகும். மூன்று மணிக்குப் பார்த்தால் பதினொன்றும் வெளுத்து உதிர்ந்துகொண்டிருந்தன.

“வாயத் தொறக்காத” என்றார் ஞானராஜ் அண்ணன். “ஊசி குத்துன முட்ட சாவுதது புதுசாலே? வேல போச்சின்னா ஒம் பொஞ்சாதிக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

டாக்டரம்மா வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். “இதுக்கு மேல குடல் நியூக்ளியஸால முடியாது போலிருக்கு. மீதி விவரம் தொலைஞ்சுதான் போயிருக்கு” என்று சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“அதுங்க மேல தப்பில்லம்மா. தண்ணிய நான்தான் மாத்துனேன். குழாத் தண்ணி.”

“ஏன்?”

“தேங்குன தண்ணியக் குடுக்க மனசு வரல.”

குழந்தை விஷயம் அவருக்குத் தெரியும். பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இனிமே அடுத்த ஜூன்தான்” என்றார். பிறகு, “நாளைலேர்ந்து நீ கண்ணாடிச் சாமான் கழுவு. தட்டைத் தொடாதே.”

வேலை போகவில்லை. ஆனால் தட்டை இன்றுவரை தொட விடவில்லை. அது சரிதான்.

எந்தத் தண்ணீர், ஏன் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தப்பு செய்தால் பேனா திறக்கும் முன்னே சொல்லுங்கள். சொன்னதால் எனக்குப் பாரம் குறையவில்லை. நோட்டில் மட்டும் பொய் ஏறவில்லை.