பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவர்

டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் மறதி நோய்ப் பிரிவில்தான் அவரைப் பார்த்தேன். நான் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அவர் தனியாக வந்திருந்தார். லோதி ரோடு அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மழுங்கச் சவரம் செய்த முகம். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர் கேக்கற கணக்கு சார். அம்மாவுக்கு அம்பதுல மறதி வந்தது, அண்ணாவுக்கு நாப்பத்தெட்டுல. அடுத்தது நான்தான்."

உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் கண் கலங்கத் திரும்பினார்.

"முழு மார்க்காம். முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் இங்க கிடையாதாம். தினம் நடங்கோ, பிரஷரைப் பாத்துக்கோங்கோ, மறதி வந்தா வாங்கோங்கறார். வந்தப்புறம் எனக்கே தெரியுமா சார்? தினம் வீட்டுல பாடம் பண்ணிண்டு வரேன், மார்க் வராம என்ன பண்ணும்?"

"பாடம் பண்ணாம வந்து பாருங்களேன்."

"பயமா இருக்கே."

பிறகு என் அப்பாவையே பார்த்தார். "இவருக்கு மொதல்ல எது மறந்தது? சொன்னேள்னா நான் உஷாரா இருப்பேன்."

யோசித்தேன். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. "கவனிக்கல சார்," என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. "கூட இருந்தவாளுக்கே தெரியலையா?"

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் இல்லை. அப்பா போய்ப் பல வருடமாகிறது. அப்பாவுக்கு முதலில் மறந்தது எது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தாலும், கேட்ட மனிதருக்குக் கேட்டது நினைவிருக்குமா என்று தெரியவில்லை.