கடை அடைத்த பிறகு அண்ணனின் சாப்பாடு

சாவு வீட்டிலும் சிரிப்புக் காட்டுகிறவன் என்று பெயரெடுத்த என்னிடம் போய் இந்த நினைவஞ்சலியை எழுதச் சொன்னார்களே என்று உறவினர்கள் நினைக்கலாம். அண்ணி கேட்டுக்கொண்டார். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவருடைய ஒரே தம்பியாக எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா தவறியதும் படிப்பை நிறுத்தி, செர்டாங்கில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, என்னைப் படிக்க வைத்தார். பின்னர் அதே ஊரில் சொந்தக் கடை வைத்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து தாமதமாக வருகிறவர்களுக்காக இரவு வரை கடையைத் திறந்து வைத்திருப்பார்.

அந்த நல்ல குணத்தோடுதான் கேடும் வந்தது. பகலில் பிஸ்கட்டும் கோப்பியும்தான். கடை அடைத்த பிறகே சோறு, குழம்பு. அதற்கு மேல் மாமாக் உணவுக்கடையின் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், தே தாரேக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீர். கை கழுவிய ஈரம் காயுமுன் படுத்துவிடுவார். தைப்பூசத்துக்கு ஒரு வேளை மட்டும் உண்டு விரதம் இருந்தபோதும் அந்த ஒரு வேளை இரவில்தான் வரும், மற்ற வேளைகளையும் கூட்டிக்கொண்டு. விரதம் இருந்தும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை, ஏறுகிறதே என்று முருகனிடமே குறைபட்டுக்கொண்டார்.

கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி எச்சரித்தார். "அண்ணே, ராத்திரி சாப்பாட்ட வெள்ளனவே முடிச்சிருங்க. தின்ன ஒடனே படுத்தா தூக்கமும் கெடும், இனிப்பும் எறங்காது."

"கடைய சாத்துற நேரந்தாம்மா எனக்கு வெள்ளன," என்றாராம் அண்ணன்.

அவருடைய குறட்டை எங்களுக்கு வேடிக்கை. செம்பனை லோரி மேடேறுவதுபோல் நடித்துக் காட்டுவேன். நடுவில் சத்தம் அப்படியே நின்றுவிடும். பிறகு திணறலோடு தொடங்கும். அந்த நிற்கும் இடத்துக்குத்தான் எல்லாரும் அதிகம் சிரிப்பார்கள். ஒரு விடியற்காலை அண்ணி போய் எழுப்பியபோது அண்ணன் எழவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

சென்ற மாதம் ஒரு காலையில் என் மனைவி கைப்பேசியில் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். அண்ணனின் குறட்டை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணன எப்ப பதிவு பண்ணி வெச்ச?"

"அவரு இல்ல லா. நேத்து நீங்க."

சத்தம் நடுவில் நின்றது. நான் பிழைத்தேனா இல்லையா என்று நானே நின்று காத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது மனைவி முதுகில் தட்டிய பிறகுதான் தெரிந்தது. அன்று பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடித்தேன். மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை குறட்டை விடாமல் தூங்கப் பார்க்கிறேன். பயத்தில் தூக்கமே வரவில்லை.

அண்ணனைத் தோளில் சுமந்த செர்டாங் நண்பர்களுக்கும், அண்ணிக்குத் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கான நினைவுப் படையல் இம்முறை விளக்கு வைத்த பிறகு அல்ல, நண்பகலில். அண்ணன் பகலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையே என்று அண்ணி தயங்கினார். இந்த ஒரு தடவையாவது சாப்பிடட்டும் என்றேன்.

இலையில் மீ கோரேங்கும் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு என் கை அந்தப் பக்கம் போவதைப் பார்ப்பவர்கள், உறவென்று பாராமல் தட்டிவிடவும்.