பாண்டியின் கண்களை வரைந்தவன்

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். அதனால் பாண்டி செத்தான்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ எங்கள் ஊர்க்காரன் இல்லை என்கிற தைரியம்தான்...

திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைகளில் இப்போது நிற்பது சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குவோம். நான், பாண்டி, மாரிச்சாமி, கணேசன் நால்வரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். மூட்டம் வேகும்போது சில இடங்களில் உள்ளே விறகு அமிழ்ந்துவிடும். மேலே மண் மட்டும் நிற்கும். அங்கே பச்சைக் கொப்பு ஒன்றைக் குத்திவைக்க வேண்டும். கால் வைக்காதே என்று அர்த்தம். அன்றைக்கு அது என் வேலை.

மேலே மண் வெடித்த இடத்தை அடைக்க ஏறப்போன பாண்டி, "ஏலே, மேல பாத்துட்டியா?" என்று கேட்டான். நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாத்துட்டேன்ல... ஏறு!"

ஏறினான். இடுப்பு வரை நெருப்புக்குள் போனான்.

அலறல் கேட்டு மற்ற இருவரும் ஓடிவந்தார்கள். மூவருமாக இழுத்துப் போட்டோம். அவர்கள் அவனை லோடு வண்டியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன். எதற்குத் தெரியுமா? ஒரு கொப்பை ஒடித்து அந்தக் குழியின் ஓரத்தில் குத்திவைக்க! அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு மூளை வேலை செய்தது. சீ...

மூன்றாம் நாள், பேச்சு வராமலே பாண்டி போய்ச் சேர்ந்தான். கொப்பைப் பார்த்த ஊர் ஜனம், "எதையோ நெனச்சுக்கிட்டுக் கவனிக்காம ஏறிட்டான்" என்றது.

ஒரு மாதம் கழித்து, பம்புசெட் சுவரில் அவன் முகத்தை வரையலாம் என்றான் மாரிச்சாமி. ஊர்ப் பொங்கலுக்கெல்லாம் நாங்கள்தான் சுவரில் படம் போடுவோம். "அந்த மூட்டத்துக் கரியிலயே வரைவோம்லே" என்றான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

மாரிச்சாமி முகத்தின் கோட்டை இழுத்தான். கணேசன் முடியும் மீசையும் போட்டான். கண் எப்போதும் என் பொறுப்பு. இருவரும் பாண்டியின் சேட்டைகளைப் பேசிச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். என் கையில் கரி நொறுங்கிக்கொண்டே இருந்தது.

பாண்டியின் மனைவி செல்வி வந்து நின்றாள்.

"அண்ணே, கண்ணுல மட்டும் கோவம் வேண்டாம்ணே. அன்னிக்குக் காலைல நான்தான் சண்ட போட்டு அனுப்புனேன். அந்த நெனப்புலதான அவுக கொப்பக்கூடப் பாக்காம ஏறிட்டாக... நானே கொன்னுட்டேனே!"

ஒரு வார்த்தை போதும். அவள் தலையிலிருந்து அந்தப் பழி இறங்கியிருக்கும். ஆனால் அது என் தலைக்கு வந்திருக்குமே... "விடு தங்கச்சி, விதி" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்! சொல்லிவிட்டு, கோபமே இல்லாத இரண்டு கண்களை வரைந்தேன்.

இப்போது அவள் தினமும் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறாள். இன்று காலை நான் பைக்கில் அந்தப் பக்கம் மெதுவாகப் போனபோது, மகளையும் கூட்டி வந்திருந்தாள். "அம்மாவ மன்னிச்சிருங்கப்பான்னு கும்பிட்டுச் சொல்லு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கைகூப்பி அப்படியே சொன்னது.

நான் பைக்கை நிறுத்தவில்லை.